உயிரியல் மருந்து உற்பத்தியில் ஆபத்துக் கட்டுப்பாடும் நல்லுற்பத்தி நடைமுறையும்

உணவு கெட்டிருந்தால் அதன் மணமோ சுவையோ பெரும்பாலும் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். துணியின் தரத்தை விரல்களால் தடவிப் பார்த்தே ஓரளவுக்கு அறிந்துகொள்ளலாம். மருந்து அவ்வாறானதன்று. தன் நரம்பினுள் செலுத்தப்படும் திரவம் தூயதா, குப்பியின் மேற்புறத்தில் எழுதப்பட்டுள்ள பொருள்தான் அதனுள்ளே இருக்கின்றதா என்பதை நோயாளி சோதித்தறிய முடியாது. அதனைச் செலுத்தும் தாதியும், எழுதிக் கொடுத்த வைத்தியரும்கூட இவ்விடயத்தில் நோயாளியின் நிலையிலேயே உள்ளனர். எனவே, மருந்து உற்பத்தி என்பது முற்றிலும் பிறர் நம்பிக்கையின் மீது நடைபெறும் ஒரு தொழிலாகும். அந்நம்பிக்கையைக் காப்பதற்கு கடந்த நூற்றாண்டு இரு முறைகளை உருவாக்கித் தந்தது. ஒன்று 'நல்லுற்பத்தி நடைமுறை' எனப்படுவது. மற்றையது 'ஆபத்துப் பகுப்பாய்வும் முக்கிய கட்டுப்பாட்டுப் புள்ளிகளும்' என்னும் நீண்ட பெயரைக் கொண்டது; ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஹாசப்' எனச் சுருக்கமாக வழங்கப்படுகின்றது. இவ்விரண்டும் உயிரியல் மருந்துகளின் உற்பத்தியில் எவ்வாறு ஒன்றிணைகின்றன, ஒன்றை விட்டு மற்றதை மட்டும் பற்றிக்கொள்ளும்போது என்ன நிகழ்கின்றது என்பவற்றை இக்கட்டுரையில் நாம் நோக்குவோம்.

முதலில் உயிரியல் மருந்து என்பதன் இயல்பை விளங்கிக்கொள்வது அவசியமாகும். அஸ்பிரின் போன்ற மருந்துகள் இரசாயனத் தாக்கங்களின் மூலம் தயாரிக்கப்படுகின்றன. அவற்றின் மூலக்கூறு சிறியது. அதன் கட்டமைப்பு முழுமையாக அறியப்பட்டது. தடுப்பூசி, இன்சுலின், குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இம்யூனோகுளோபுலின், புற்றுநோய்க்கு வழங்கப்படும் பிறபொருளெதிரிகள் முதலியன இவற்றிலிருந்து வேறுபட்டவை. இவற்றை உயிருள்ள கலங்களோ, நுண்ணங்கிகளோ, விலங்குகளோ, மனிதர்களோதான் உருவாக்கித் தருகின்றனர். அஸ்பிரின் மூலக்கூறின் நிறை ஏறத்தாழ 180 டால்டன். ஒரு பிறபொருளெதிரி மூலக்கூறின் நிறையோ ஏறத்தாழ 150,000 டால்டன். உயிரினம் ஒன்று ஒவ்வொரு முறையும் அணுவளவும் மாறாத பொருளைத் தருவதில்லை. அத்துடன், அக்கலங்கள் விரும்பி வளரும் இளஞ்சூடான சத்துநீர், அழையா விருந்தாளிகளான பக்டீரியாக்களுக்கும் வைரசுகளுக்கும் அதே அளவு உகந்த இடமாகும்.

இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. சாதாரண ஊசிமருந்துகள் பலவற்றை குப்பியில் அடைத்து மூடிய பின்னர் 121 பாகை செல்சியஸ் நீராவியில் வைத்துக் கிருமியழிக்கலாம். புரதத்தாலான மருந்தை அவ்வாறு செய்தால் அது வெந்த முட்டையின் வெண்கருவைப் போல உறைந்து பயனற்றதாகிவிடும். ஆகவே, இறுதியில் ஒருமுறை அனைத்தையும் சுத்தப்படுத்திவிடலாம் என்ற வாய்ப்பு உயிரியல் மருந்தைத் தயாரிப்பவருக்கு இல்லை. முதற்படியிலிருந்தே தூய்மையைக் காத்துக்கொண்டு வரவேண்டியுள்ளது.

இறுதிச் சோதனையின் எல்லை

'உற்பத்தி எவ்வாறு நடந்தாலென்ன, முடிவில் நன்கு சோதித்துவிட்டு வெளியே அனுப்பலாமே?' என்ற வினா எழுவது இயல்பானது. ஒரு சிறு கணக்கு இதற்கு விடை தரும். ஊசிமருந்துத் தொகுதி ஒன்றின் கிருமியின்மையைச் சோதிப்பதற்கு வழமையாக 20 குப்பிகள் எடுக்கப்படுகின்றன. அத்தொகுதியில் நூற்றுக்கு ஒரு குப்பி மாசடைந்திருப்பதாகக் கொள்வோம். 20 குப்பிகளும் நல்லவையாகவே அமைந்து, தொகுதி முழுவதும் சோதனையில் தேறிவிடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதமாகும். ஆயிரத்துக்கு ஒன்று மாசடைந்திருப்பின் அவ்வாய்ப்பு 98 சதவீதமாக உயர்கின்றது. பத்தாயிரம் குப்பிகள் கொண்ட தொகுதியில் ஆயிரத்துக்கு ஒன்று என்பது பத்து நோயாளிகளைக் குறிக்கும். சோதனைக்குட்படும் குப்பியோ உடைக்கப்பட்டுவிடுகின்றது. எனவே எல்லாவற்றையும் சோதிப்பதென்பது எதையும் விற்காமல் இருப்பதற்கே ஒப்பாகும்.

நல்லுற்பத்தி நடைமுறை பிறந்த கதை

இவ்வுண்மையை உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் தொண்டைக் கரப்பான் நோய்க்கான எதிர் நச்சு மருந்தைப் பெற்ற 13 சிறுவர்கள் ஏற்புவலியால் இறந்தனர். அம்மருந்து ஜிம் என்னும் பெயர்கொண்ட, முன்னர் பால் வண்டி இழுத்து வந்த குதிரையொன்றின் குருதியிலிருந்து தயாரிக்கப்பட்டதாகும். குதிரைக்கு ஏற்புவலி கண்டிருந்தது தெரிந்து அது கொல்லப்பட்ட பின்னரும், நோயரும்பிய காலத்தில் எடுக்கப்பட்ட அதன் சீரம் குப்பிகளில் அடைக்கப்பட்டு வெளியே சென்றது. மறு ஆண்டிலேயே உயிரியற் பொருட்களின் உற்பத்திக்கு உரிமம் பெறவேண்டும் எனும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது.

1955 ஏப்ரலில் நிகழ்ந்தது இதனைவிடவும் ஆழமாக ஆராயத்தக்கது. ஜோனஸ் சோக் உருவாக்கிய இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி வெற்றியெனப் பறைசாற்றப்பட்ட சில நாட்களுக்குள், கட்டர் என்னும் கலிபோர்னிய நிறுவனம் தயாரித்த தடுப்பூசியைப் பெற்ற பிள்ளைகளுக்கு அதே நோய் கண்டது. வைரசை போமல்டிஹைட்டினால் செயலிழக்கச் செய்வதே அத்தடுப்பூசியின் அடிப்படையாகும். ஆனால், நிறுவனத்தின் வடிகட்டல் கலத்துணுக்குகளை முற்றாக நீக்கவில்லை; வடிகட்டிய திரவமும் சேமிப்பிலிருந்தபோது அடியில் வண்டல் படிந்தது. அவ்வண்டலினுள் ஒளிந்திருந்த வைரசுகளை போமல்டிஹைட் சென்றடையவில்லை. ஏறத்தாழ 40,000 பேருக்கு இலேசான நோயும், 200 பேருக்கு வெவ்வேறு அளவிலான வாதமும் ஏற்பட்டன. பத்துப் பேர் இறந்தனர். இதில் நம்மை வியக்கவைப்பது வேறொரு விடயமாகும். நிறுவனம் முன்னர் தயாரித்த தொகுதிகள் பலவற்றில் உயிருள்ள வைரசு இருப்பது அதன் சொந்தச் சோதனைகளிலேயே தெரியவந்திருந்தது. தேறாத தொகுதிகளை ஒதுக்கிவிட்டு தேறியவற்றை மட்டும் அனுப்பினர். தேறாதவை ஏன் தேறவில்லை என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு முன்பாகவே தேறியவை பிள்ளைகளின் புயங்களைச் சென்றடைந்துவிட்டன. இந்நிகழ்வின் பின்னர், தொடர்ச்சியாகத் தயாரிக்கப்படும் பல தொகுதிகளும் சீராகத் தேறினாலன்றி எதனையும் வெளியிடலாகாது என்ற விதி வந்தது. உற்பத்தியின் சீர்மையே தரத்தின் சான்று என்ற கருத்தின் வித்து இங்குதான் இடப்பட்டது எனலாம்.

1962இல் அமெரிக்க மருந்துச் சட்டம் திருத்தப்பட்டது. 1963இல் நல்லுற்பத்தி நடைமுறை விதிகள் முதன்முறையாக வெளியாயின. அச்சட்டத்துக்கு உந்துதலாக அமைந்தது தலிடோமைட் பெருந்துயராகும். அதுவோ உற்பத்திக் குறைபாட்டினால் விளைந்ததன்று என்பது வரலாற்றின் ஒரு விந்தை. 1969இல் உலக சுகாதாரப் பேரவை இந்நடைமுறையை உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. கட்டிடம் எவ்வாறு அமையவேண்டும், காற்று எத்திசையில் செல்லவேண்டும், ஊழியர் எவ்வாறு உடுத்தவேண்டும், ஒவ்வொரு செயலும் எவ்வாறு எழுதப்படவேண்டும், எழுதியதில் யார் கையொப்பமிட வேண்டும், விற்பனைப் பிரிவுக்குக் கட்டுப்படாத தரப்பிரிவு எவ்வாறு இயங்கவேண்டும் என்பனவெல்லாம் இதில் அடங்கும். சுருங்கக் கூறின், எந்த மருந்தைத் தயாரிப்பவரும் பேணவேண்டிய பொது ஒழுங்குமுறை இதுவாகும்.

விண்வெளி வீரரின் உணவிலிருந்து

ஆபத்துப் பகுப்பாய்வு முறை மருந்துலகில் பிறந்ததன்று. 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும் பணியை நாசா நிறுவனம் பில்ஸ்பரி என்னும் உணவு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அமெரிக்க இராணுவத்தின் நேடிக் ஆய்வுகூடமும் இதிற் பங்குகொண்டது. விண்கலத்தினுள் வயிற்றுப்போக்கு என்பது உயிராபத்தாக முடியக்கூடியது. உணவு முற்றிலும் பாதுகாப்பானது என்பதை இறுதிச் சோதனையால் நிறுவ முயன்றபோது, தயாரித்ததில் பெரும்பகுதி சோதனைக்கே செலவானது. எனவே, ஹவர்ட் பௌமன் தலைமையிலான குழுவினர் கேள்வியைத் திருப்பிக் கேட்டனர்: இவ்வுணவு எங்கெங்கே கெடக்கூடும்? அவ்விடங்களுள் எவற்றைக் கட்டுப்படுத்தினால் ஆபத்து நீங்கும்? 1971இல் இம்முறை பொதுவெளியில் முன்வைக்கப்பட்டது. 1993இல் கோடெக்ஸ் உணவுத் தர ஆணைக்குழு அதனை உலகுக்குரிய வழிகாட்டியாக ஏற்றது.

இதன் தத்துவங்கள் ஏழு. ஆபத்துக்களை ஆராய்தல், முக்கிய கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நிர்ணயித்தல், ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்தல், கண்காணித்தல், எல்லை மீறப்படின் செய்யவேண்டியதை முன்னரே தீர்மானித்தல், முறை சரியாக இயங்குகின்றதா எனச் சரிபார்த்தல், இவற்றையெல்லாம் பதிவுசெய்தல் என்பனவே அவை. இவற்றுள் நடுநாயகமாக விளங்குவது முக்கிய கட்டுப்பாட்டுப் புள்ளி என்னும் கருத்தாகும். அங்கு தவறினால் பின்னர் எங்கும் சரிசெய்ய முடியாது. அத்தகைய இடமே அப்பெயருக்குரியது. கட்டர் நிறுவனத்தில் வடிகட்டலும் அதன்பின் வந்த சேமிப்புக் காலமும் இவ்வாறான புள்ளிகளாக இருந்தன. அவற்றுக்கு அப்பெயரிட்டு எல்லை வகுப்பார் எவருமிருக்கவில்லை.

2003இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை மருந்துற்பத்திக்குப் பொருத்துவது பற்றிய வழிகாட்டியொன்றை வெளியிட்டது. 2005இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் இணைந்து வகுத்த தர இடர் முகாமைத்துவ வழிகாட்டியிலும் இது ஒரு கருவியாக இடம்பெற்றது.

இரண்டும் சந்திக்கும் இடம்

பொது ஒழுங்குமுறை எல்லா இடத்துக்கும் ஒரேயளவாகப் பொருந்துவது. ஆபத்துப் பகுப்பாய்வோ இந்த மருந்துக்கு, இந்தத் தொழிற்சாலையில், இந்தப் படியில் என்ன நேரும் என்று வினவுவது. பிறபொருளெதிரி ஒன்றின் உற்பத்தியைக் கொண்டு இதனை விளக்கலாம்.

சீன ஹம்ஸ்டர் எலியின் சூலகத்திலிருந்து பெறப்பட்டு பல தசாப்தங்களாக ஆய்வுகூடங்களில் வளர்ந்துவரும் கலங்களே இதற்குப் பெரும்பாலும் பயன்படுகின்றன. உறைநிலையில் சேமிக்கப்பட்ட கலவங்கியிலிருந்து ஒரு சிறு குப்பி எடுக்கப்பட்டு, படிப்படியாகப் பெருக்கப்பட்டு, பல்லாயிரம் லீற்றர் கொள்ளளவுடைய வளர்ப்புக் கலனை அடைகின்றது. பின்னர் கலங்கள் நீக்கப்பட்டு, பிறபொருளெதிரி பல நிரல்களினூடாகத் தூய்மையாக்கப்படுகின்றது. இக்கலங்களின் மரபணுவிலேயே பழைய வைரசுகளின் எச்சங்கள் பொதிந்துள்ளன. அதாவது, ஆபத்தின் ஒரு பகுதி வெளியிலிருந்து வருவதன்று; மூலப்பொருளோடு உடன்பிறந்தது. எத்துணை சுத்தமாகக் கையுறை அணிந்தாலும் அது நீங்காது. ஆகவே, தூய்மையாக்கலின் நடுவே திரவத்தை அமிலநிலையில், ஏறத்தாழ 3.6 அளவிலான பீ.எச். பெறுமானத்தில், ஒரு மணித்தியாலம் அளவில் வைத்திருக்கின்றனர். கொழுப்புறை கொண்ட வைரசுகள் இதில் அழிகின்றன. அமிலம் குறைந்தால் வைரசு தப்பும். கூடினால் மருந்தே சிதையும். இரு பக்கமும் எல்லையுள்ள இத்தகைய படி, முக்கிய கட்டுப்பாட்டுப் புள்ளிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

எனினும், எலிகளிடம் காணப்படும் பார்வோ வகை வைரசுக்குக் கொழுப்புறை கிடையாது. அமிலம் அதனை அசைப்பதில்லை. 1990களில் அமெரிக்க உயிரித் தொழில்நுட்ப நிறுவனமொன்றின் வளர்ப்புக் கலன்களில் இது புகுந்தமை ஆய்வேடுகளில் பதிவாகியுள்ளது. இதனைத் தடுக்க ஏறத்தாழ 20 நனோமீற்றர் துளைகளையுடைய வடிகட்டி வேண்டும். ஒன்று இரசாயன முறையாலும் மற்றொன்று பருமனாலும் தடுக்கின்றன. ஒன்றில் தப்புவது மற்றொன்றில் அகப்படுகின்றது. இவ்வாறு வேறுபட்ட தத்துவங்களில் இயங்கும் தடைகளை அடுத்தடுத்து அமைப்பதே இத்துறையின் நடைமுறையாகும்.

இப்போது பொது ஒழுங்குமுறையின் பங்கைக் கவனிப்போம். பீ.எச். அளக்கும் கருவி அன்று காலை அளவுதிருத்தம் செய்யப்பட்டிருந்ததா? வடிகட்டியின் முழுமை, பயன்படுத்திய பின்னர் சோதிக்கப்பட்டதா? வடிகட்டிய திரவமும் வடிகட்டாத திரவமும் ஒரே அறையில் வைக்கப்பட்டிருந்தனவா? பதிவேட்டில் ஒரு மணித்தியாலம் என எழுதியவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாரா, வழக்கத்தால் எழுதினாரா? இவையனைத்தும் நல்லுற்பத்தி நடைமுறையின் பாற்பட்டவை. ஆபத்துப் பகுப்பாய்வு எங்கு நின்று காவல் செய்யவேண்டும் எனக் காட்டுகின்றது. காவலாளி விழித்திருப்பதை உறுதிசெய்வது நல்லுற்பத்தி நடைமுறை.

இவ்விடத்தில் நாம் அடிக்கடி காணும் பிழையொன்றைச் சுட்டவேண்டும். ஆர்வமிகுதியால் சில தொழிற்சாலைகள் நாற்பது, ஐம்பது படிகளை முக்கிய கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என அறிவித்துவிடுகின்றன. எல்லாம் முக்கியமெனின் எதுவும் முக்கியமன்று. கைகழுவுதல், தரை சுத்தம், பூச்சித் தடுப்பு என்பன அடித்தளத்தில் தீர்க்கப்படவேண்டியவை. அடித்தளம் உறுதியாயிருந்தால் புள்ளிகள் ஐந்தோ ஆறோதான் எஞ்சும். அவற்றின்மீது கண் இமைக்காமல் இருக்க முடியும்.

அடித்தளமே ஆட்டங்கண்டால் எத்தகைய பகுப்பாய்வும் பயன்தராது என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்றுண்டு. 2021இல் அமெரிக்காவின் பல்டிமோர் நகரிலுள்ள எமர்ஜன்ட் நிறுவனத்தின் தொழிற்சாலையில், கோவிட் நோய்க்கான இரு வேறு தடுப்பூசிகளின் மூலப்பொருள் ஒரே வளாகத்தில் தயாரிக்கப்பட்டது. ஒன்றின் வைரசு மற்றொன்றில் கலந்தது. ஒன்றரைக் கோடிப் பேருக்குப் போதுமான பொருள் வீணானதாக முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அழிக்கப்பட்டவை அதனினும் அதிகம். பரிசோதகர்களின் அறிக்கையில் இருந்தவை உயர் விஞ்ஞானம் சார்ந்தவை அல்ல: உரிந்து விழும் சுவர்ப்பூச்சு, போதிய பயிற்சியற்ற ஊழியர், கழிவுப் பைகள் செல்லும் வழி. உலகமே தடுப்பூசிக்காகக் காத்துநின்ற காலத்தில் இது நிகழ்ந்தது.

ஹெப்பரின்: கேட்கப்படாத கேள்வி

இதற்கு நேர்மாறான நிகழ்வை ஹெப்பரினின் வரலாற்றில் காண்கின்றோம். ஹெப்பரின் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து. சிறுநீரக நோயாளரின் குருதிச் சுத்திகரிப்பு, இருதய சத்திரசிகிச்சை முதலியவை இதுவின்றி நடைபெறா. பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து இது பிரித்தெடுக்கப்படுகின்றது. மாட்டிலிருந்து பெறப்படும் ஹெப்பரினும் உண்டு. பைத்தியமாட்டு நோய் பற்றிய அச்சத்தால் 1990களில் அது அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கியது. பிரேசில் போன்ற நாடுகளில் தொடர்ந்தும் வழக்கிலுள்ளது. பன்றியிலிருந்து பெறப்படும் மருந்தின் சட்ட நிலை குறித்த வினா நம் வாசகர்களுக்குப் புதியதன்று. அவ்வாய்வு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும், ஒரு மருந்தின் மூலம் எதுவென உறுதியாக அறியும் தேவை அவ்வினாவுக்கும் நாம் இங்கு ஆராயும் வினாவுக்கும் பொதுவானதாகும்.

2007ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2008இன் தொடக்கத்திலும், சென் லூயிஸ் நகரின் சிறுவர் வைத்தியசாலையொன்றில் குருதிச் சுத்திகரிப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு திடீரென முகம் வீங்கி குருதியழுத்தம் வீழ்ந்தது. இத்தகைய செய்திகள் பல இடங்களிலிருந்தும் வரலாயின. பக்ஸ்டர் நிறுவனம் தனது ஹெப்பரினை மீளப்பெற்றது. அதன் மூலப்பொருள் சீனாவின் சாங்ஜோ நகரத் தொழிற்சாலையொன்றிலிருந்து வந்தது. அத்தொழிற்சாலைக்கோ பல சிறு பட்டறைகள் பச்சை ஹெப்பரினை வழங்கிவந்தன. அமெரிக்காவில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் இம்மருந்துடன் தொடர்புற்றிருக்கலாமென அறிவிக்கப்பட்டன. பதினொரு நாடுகளில் மாசடைந்த ஹெப்பரின் கண்டுபிடிக்கப்பட்டது.

மாசு எதுவென அறிய விஞ்ஞானிகளுக்கு வாரங்கள் சென்றன. அது கிருமியன்று, அழுக்குமன்று. விலங்குக் குருத்தெலும்பிலிருந்து பெறப்படும் மலிவான கொன்ட்ரொய்ட்டின் சல்பேற்றுடன் மேலதிகமாகச் சல்பேற்றுக் கூட்டங்களை இணைத்து உருவாக்கப்பட்ட, இயற்கையில் காணப்படாத ஒரு பொருள் அது. குருதி உறைவதைத் தடுக்கும் ஆற்றல் அதற்கும் ஓரளவு இருந்தது. அக்காலத்தில் பார்மகோபியா எனப்படும் மருந்துத் தர நூல் விதித்த சோதனை, உறைவு எவ்வளவு தடுக்கப்படுகின்றது என்பதை அளப்பதாகவே இருந்தது. கலப்படப் பொருள் அச்சோதனையில் தேறியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் சீனாவில் பன்றிகளிடையே நோய் பரவி, மூலப்பொருள் அருகி, விலை ஏறியிருந்தது என்பதை இத்துடன் சேர்த்து நோக்கவேண்டும்.

அந்தத் தொழிற்சாலையை அமெரிக்க அதிகாரிகள் அனுமதிக்கு முன்னர் சென்று பார்க்கவில்லை. பெயரொற்றுமை கொண்ட வேறொன்றைப் பார்த்ததாகப் பதிவேட்டில் இருந்ததால் இதையே பார்த்ததாகக் கருதிவிட்டனர். ஆனால், சென்று பார்த்திருந்தாலும் முழுமையாகத் தப்பியிருப்போம் எனக் கூறுவதற்கில்லை. எழுதப்பட்ட சோதனைகள் அனைத்தையும் ஒருவர் நேர்மையாகச் செய்திருப்பினும் நஞ்சு உள்ளே வந்திருக்கும். 'விலை ஏறியிருக்கின்றது, மூலப்பொருள் போதவில்லை, இந்நிலையில் ஒருவர் எதனைக் கலக்கக்கூடும்? நமது சோதனை அதனைப் பிரித்தறியுமா?' என்று எவரும் வினவவில்லை. அவ்வாறு வினவுவதே ஆபத்துப் பகுப்பாய்வாகும். 2008இன் பின்னர் அணுக்கரு காந்தப் பரிவு முதலிய நுண்முறைகள் கட்டாயமாக்கப்பட்டன. பின்னர் எந்த விலங்கிலிருந்து பெறப்பட்டது என்பதைக் காட்டும் மரபணுச் சோதனைகளும் முக்கியத்துவம் பெற்றன.

இந்த வினா உண்மையில் மிகப் பழையது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கென எழுதிய கைநூலில் மருந்து வணிகர்களுக்கு ஒரு தனி அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளார். 'மோசடி செய்யாதீர்' என்று பொதுவாகக் கூறுவதுடன் அவர் நின்றுவிடவில்லை. அபினில் எந்தச் செடியின் சாறு கலக்கப்படும், அதனை நீரில் கரைத்தால் எந்த மணம் கலப்படத்தைக் காட்டிக் கொடுக்கும் என மருந்து மருந்தாக விவரிக்கின்றார். பொருளுக்குப் பொருள் ஆபத்தை இனங்காணும் இவ்வணுகுமுறையை ஏழு தத்துவங்களின் முன்னோடி என நாம் வாதிடப் போவதில்லை. அத்தகைய உரிமைகோரல்கள் நம்மவரிடையே அளவுக்கு அதிகமாகவே உள்ளன. ஆயினும், கலப்படம் செய்பவனின் இடத்தில் நின்று சிந்திக்காமல் கலப்படத்தைத் தடுக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பாதுகாப்பான மருந்தும் கிடைக்காத மருந்தும்

ஆபத்து எனும்போது நஞ்சையும் கிருமியையும் மட்டும் எண்ணுவது போதுமா? 2009 ஜூனில் ஜென்சைம் நிறுவனத்தின் அமெரிக்கத் தொழிற்சாலையில் வளர்ப்புக் கலன்களினுள் வெசிவைரசு எனும் வைரசு கண்டறியப்பட்டது. அது மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படாதது. ஹம்ஸ்டர் கலங்களின் வளர்ச்சியையே அது பாதித்தது. தொழிற்சாலை மூடப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டது. இவ்வளவில் இது பாதுகாப்பு முறையின் வெற்றியே. ஆனால், கோஷே, ஃபேப்ரி ஆகிய அரிய பரம்பரை நோய்களையுடையோருக்கான நொதிய மருந்துகள் அங்கேயே தயாரிக்கப்பட்டு வந்தன. உலகெங்கும் அந்நோயாளருக்கு மருந்து அளந்து பங்கிடப்பட்டது. பலர் குறைந்த அளவுடன் காலந்தள்ள நேர்ந்தது. ஒரு குப்பிகூட நஞ்சாகவில்லை, நோயாளர் துன்புற்றனர். 2005இன் இடர் வழிகாட்டி 2023இல் திருத்தப்பட்டபோது, மருந்துத் தட்டுப்பாடும் நோயாளிக்கு நேரும் தீங்கே என்பது வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. இது காலதாமதமாயினும் சரியான திருத்தமென்றே நாம் கருதுகின்றோம்.

ஒருமுறை செய்த பகுப்பாய்வு என்றைக்கும் போதாது என்பதற்கு இம்யூனோகுளோபுலினின் வரலாறு சான்று பகர்கின்றது. ஆயிரக்கணக்கான கொடையாளரின் குருதித் திரவவிழையத்தைக் கலந்து, குளிர்ந்த எதனோலின் உதவியால் பிறபொருளெதிரிகளைப் பிரித்து இம்மருந்து தயாரிக்கப்படுகின்றது. 1990களின் தொடக்கத்தில் ஹெப்படைட்டிஸ் சீ வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி உடைய கொடையாளர்களை விலக்கும் மேம்பட்ட சோதனை வந்தது. பாதுகாப்பு கூடியதென எவரும் எண்ணுவர். ஆனால், 1994இல் அமெரிக்காவில் அவ்வாறு தயாரிக்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஒன்றினால் நோயாளிகளுக்கு அதே வைரசு தொற்றியது. விலக்கப்பட்ட கொடைகளிலிருந்த பிறபொருளெதிரிகள்தாம் அதுவரை எஞ்சிய வைரசுகளைப் பிணித்து அடக்கி வந்திருக்கவேண்டும் என ஆய்வாளர்கள் விளக்கினர். நல்லதொரு மாற்றம், எவரும் அறியாமல் இருந்துவந்த ஒரு காவலை அகற்றிவிட்டது. அதன் பின்னரே கரைப்பானும் சலவைப்பொருளும் சேர்த்து வைரசை அழிக்கும் படி போன்றவை இவ்வகை மருந்துகளில் இன்றியமையாதனவாயின. நல்லுற்பத்தி நடைமுறையில் 'மாற்றக் கட்டுப்பாடு' என்றொரு படிவம் உண்டு. எந்த மாற்றமும் கையொப்பமின்றி நடைபெறக்கூடாது என்பது அதன் விதி. அப்படிவம் ஆபத்துப் பகுப்பாய்வை மீண்டும் திறந்து பார்க்கவைத்தால் மட்டுமே அக்கையொப்பத்துக்குப் பொருளுண்டு.

இலங்கையில் இதே மருந்து 2023இல் செய்தியானது. அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட மனித இம்யூனோகுளோபுலின் குப்பிகள் தரமற்றவை என வெளிப்பட்டது. போலி ஆவணங்கள் சமர்ப்பிக்கப்பட்டதான குற்றச்சாட்டு நீதிமன்றத்தை அடைந்தது. 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை போன்ற சிறிய நாட்டு அமைப்பொன்றால் உலகின் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் ஆளனுப்ப முடியாது. அதனிடம் வந்துசேர்வது சான்றிதழ். சான்றிதழோ ஒரு தாள். தாளைப் போலியாக ஆக்குவது மருந்தைப் போலியாக ஆக்குவதிலும் எளிது. ஆனால் கேட்கத்தக்க வேறு சிலவும் உண்டு. திரவவிழையம் எந்நாட்டில், எவரிடமிருந்து பெறப்பட்டது? வைரசை அழிக்கும் படிகள் எத்தனை, அவற்றின் எல்லைகள் யாவை? இத்தொகுதியில் அவ்வெல்லைகள் பேணப்பட்டமைக்கான மூலப் பதிவேடு எங்கே? சென்ற ஆண்டில் நிராகரிக்கப்பட்ட தொகுதிகள் எத்தனை, ஏன்? உண்மையான உற்பத்தியாளரிடம் இவற்றுக்கான விடை அன்றாடப் பதிவேடுகளிலேயே இருக்கும். தொழிற்சாலையே இல்லாதவன் இவை ஒவ்வொன்றையும் புனைந்து, ஒன்றோடொன்று முரண்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.